முப்பது நாள் முட்டுக்கட்டை

அயல்நாட்டு நங்கையொருத்தி தமிழ் இளைஞனை விரும்பி, அவன் பிறந்த மண்ணிலேயே மணக்க வருகிறாள். அவளை எதிர்கொள்வது யாது? மணமாலையா? அன்று, பதிவகத்தின் அறிவிப்புப் பலகை!

1967-இல் அண்ணாவின் அரசு கொணர்ந்த சட்டத்திருத்தம் தன்மதிப்புத் திருமணத்தை ஏற்றது. வேள்வித்தீ வேண்டா, வடமொழி மந்திரம் வேண்டா. உற்றார் நண்பர் முன்னிலையில், இருவரும் தமக்கு விளங்கும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகக் கூறினாலும், மாலையோ கணையாழியோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் போதும். எத்துணை எளிமை! ஆயின், அவ்வுரிமை புத்தர், சமணர், சீக்கியர் உள்ளிட்டு, 'இந்து' எனச் சட்டம் வகுத்த இருவர்க்கே உரியதாம்!

சமயம் மாறவோ சமயச் சடங்கிற் புகவோ விரும்பாத பிறசமயத்தாளுக்கு எஞ்சுவது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமே. இருவருள் ஒருவரேனும் அம்மாவட்டத்தில் முப்பது நாள் தங்கியிருத்தல் வேண்டும். பின்னர்க் கொடுக்கும் அறிவிப்பைப் பலரறிய ஒட்டி, தடையுரைப்பார்க்கென மேலும் முப்பது நாள் காத்திருத்தல் வேண்டும். குறுகிய விடுப்பில் வருவோர் என் செய்வர்? பிரிக்கத் துடிக்கும் சாதிவெறியர்க்கும் அப்பலகை வழிகாட்டுமன்றோ?

முன்மணத்தை மறைப்பாரைத் தடுக்கவே அறிவிப்பு என்பர். மறைப்பார் ஒரு சமயத்தில் மட்டுமா உளர்? தன்மதிப்புத் திருமணத்திற்கு வேண்டாத அறிவிப்பு இவளுக்கு மட்டும் எற்றுக்கு?

விளங்கும் மொழியில் உளமொத்துக் கூறும் சொல்லே திருமணம் எனின், அச்சொல்லுக்குச் சமயவேலி வேண்டா. தமிழக அரசு அவ்வேலியை அகற்ற முற்படுக!