"கவனக்குறைவு" யாருடையது?

சாரத்திலிருந்து ஒரு கொத்தனார் விழுந்து சாகிறார். "அவன் கவனக்குறைவு" என்கிறார் காண்ட்ராக்டர். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை பிணங்களைக் கணக்குத் தீர்த்துவிட்டார்கள்!

மில் தொழிலாளித் தோழர்களுக்கு இது பழைய பாட்டு. சக்கரத்தில் கை போனால் "எங்கோ பார்த்தான்" என்று சொன்னவர்கள்தானே முதலாளிகள்? ஆனால் 1948-ம் ஆண்டு பாக்டரிச் சட்டம், சுழலும் சக்கரத்துக்கு வேலி போடு என்று முதலாளிக்குத்தான் உத்தரவிட்டது. மனிதனுக்குக் களைப்பு வரும், கால் வழுக்கும். வேலிக்குக் களைப்பில்லை.

சாரத்துக்கும் அதே நியாயம்தான். பெல்ட் கொடுத்தோமே என்கிறார்கள். கொக்கியை மாட்ட உறுதியான கயிறோ கம்பியோ வேண்டாமா? மாட்ட இடமில்லாத பெல்ட் வெறும் அரைஞாண்தான்! ஆழமான பள்ளம் தோண்டி, அந்த மண்ணைக் கரையிலேயே குவிக்கிறார்கள். பாரம் தாங்காமல் கரை சரிந்து உள்ளே நிற்பவனை மூடுகிறது. பலகை வைத்து முட்டுக் கொடுத்தால் சரியாது. பலகைக்குக் காசு, வலைக்குக் காசு, கைப்பிடிக் கட்டைக்கும் காசு. கான்கிரீட் இறுகுமுன் முட்டைப் பிரித்து அடுத்த தளத்துக்குக் கொண்டுபோனால் காசு மிச்சம். இதில் சித்தாளின் கவனக்குறைவு எங்கே வந்தது?

2014 ஜூன் 28 அன்று, சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் ஊர்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். அத்தனை பேருக்குமா ஒரே நேரத்தில் கால் தவறும்? ஆகவே அங்கே "இடி விழுந்தது" என்றார்கள்! அப்படியானால், இடி விழாமல் பக்கத்திலேயே நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தது ஏன்?

1996-ல் கட்டடத் தொழிலாளருக்கென்று தனிச் சட்டம் வந்தது. அவர்கள் நலனுக்கென 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகி, சுமார் 9,500 கோடிதான் செலவாயிற்று என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே சுட்டிக்காட்டியது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டமும் போய், 2020-ல் நிறைவேற்றிய புதிய தொகுப்பு அமலுக்கு வந்துவிட்டது. அதில் இன்ஸ்பெக்டருக்கு "ஆய்வாளரும் வசதி செய்து தருபவரும்" என்று இரட்டைப் பட்டம். யாருக்கு வசதி என்று கேட்கிறோம். பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்பதோ 250 பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான். தெருக்கோடியில் எட்டுப் பேரை வைத்து மாடி எழுப்பும் மேஸ்திரியிடம் எந்த அதிகாரி போவார்?

அந்த எட்டுப் பேரில் நம் விவசாயத் தொழிலாளித் தோழர்களே அதிகம். அறுவடை முடிந்து பட்டணத்துக்குப் பஸ் ஏறுகிறவர்கள் தனித்தனியாகக் கேட்டால் மேஸ்திரி மறுநாள் வராதே என்பான். எட்டுப் பேரும் கீழேயே நின்று கேளுங்கள்: "கைப்பிடி எங்கே? கொக்கியை எதில் மாட்டுவது?" பதில் வந்த பிறகு ஏறலாம்.