ஒரு பக்க மூக்கடைப்பு

புதுச்சேரிப் பள்ளியில் நாங்கள் மூக்கை உறிஞ்சினால் பிரெஞ்சு வாத்தியார் "மூஷ்-துவா!" என்று அதட்டுவார். மூக்கைச் சிந்து என்று அர்த்தம். சிந்தினால் சரியாகிவிடும் என்றுதான் நானும் எழுபது வயது வரை நினைத்திருந்தேன். சிவகிரியில் என் மைத்துனருக்கு வந்தது அந்த நினைப்பைக் கெடுத்தது.

அவருக்கு வலது மூக்கு மட்டும் அடைத்தே இருந்தது. "சாரல் சமயத்துல எனக்கு எப்பவும் இப்படித்தான் அத்தான்" என்பார். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றியே இரண்டு வருடம் ஓட்டினார். நடுவில் ரத்தம் எட்டிப்பார்த்தபோது, உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். கடைசியில் காது மூக்கு தொண்டை டாக்டர் உள்ளே பார்த்தால், செக்கச் செவேலென்று ஒரு சதை, அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள்.

அதன் பெயர் ரைனோஸ்போரிடியோசிஸ். அர்ஜென்டினாவில் ஸீபர் என்பவர் 1900-இல் இதை விவரித்தார். ஆனால் நோய் அதிகம் காணப்படுவது நம் தென்மாவட்டங்களிலும் கேரளத்திலும் இலங்கையிலும்தான். தேங்கிய குளத்து நீரில் குளிப்பதோடு இதற்குத் தொடர்பு உண்டு. வெகுகாலம் பூஞ்சை என்றே நினைத்தார்கள். அது நீரில் வாழும் வேறொரு நுண்ணுயிர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. சதையை வெட்டி எடுத்து அடிப்பகுதியைச் சுட வேண்டும். அப்படியும் திரும்ப வரலாம் என்பதால் சிலருக்கு டாப்சோன் மாத்திரையும் கொடுக்கிறார்கள். மைத்துனருக்கு ஒருமுறை திரும்ப வந்தது.

எல்லா மூக்கடைப்பும் இப்படியல்ல. இரண்டு மூக்கும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை முறை மாற்றி அடைத்துத் திறப்பது இயற்கை. ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்கம் அடைப்பதும் இயற்கைதான். மாறாமல் ஒரே பக்கம் அடைத்தால்தான் யோசிக்க வேண்டும். நடுத்தண்டு வளைந்திருக்கலாம், உள்ளே சதை வளர்ந்திருக்கலாம், அபூர்வமாகக் கட்டியாகவும் இருக்கலாம். சின்னப் பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் பயறோ பாசிமணியோ உள்ளே போயிருக்கும். பட்டன் பேட்டரி என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் போடாதீர்கள். அதுவே அடைப்பை உண்டாக்கும். விட்டால் அடைக்கும், அடைத்தால் மறுபடி ஊற்றத் தோன்றும். உப்புத் தண்ணீரால் கழுவுவது நல்லது, ஆனால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீராக இருக்கட்டும்.

குளத்தில் குளிக்காதே என்று இந்த ஊரில் யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது. குளித்தவருக்கு ஒரு பக்கம் அடைத்து ரத்தமும் வந்தால், வெந்தயத்தை நம்பி உட்காராமல் டாக்டரிடம் போகட்டும் என்றுதான் சொல்கிறேன். ஒரே மேஜையில் மாதக்கணக்கில் நகராமல் கிடக்கும் ஃபைலில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று எந்தக் குமாஸ்தாவுக்கும் தெரியும். மூக்குக்கும் அதே கணக்குதான்.