செருப்புக்காகக் காலை இழக்கலாமா?

செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவார்களா என்பது நம் ஊர்ப் பழமொழி. நடக்கக் கூடாத ஒன்றைச் சுட்டுவதற்காகச் சொல்லப்பட்ட அந்த வாக்கியம், நீரிழிவுப் பாதச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் எங்களுக்கு வெறும் பழமொழியாகத் தோன்றுவதில்லை. விரலையோ பாதத்தையோ அகற்ற நேர்ந்த நோயாளியிடம் புண் எப்படித் தொடங்கியது என்று விசாரித்துக்கொண்டே போனால், பல வேளைகளில் அந்த விசாரணை ஒரு செருப்பிலோ ஷூவிலோ போய் முடிகிறது. சுண்டுவிரலை ஓரத்தில் அழுத்திய புதிய ஷூ, குதிகாலில் உராய்ந்த தளர்ந்த வார், உள்ளே கிடந்த சிறு கல், தேய்ந்து தட்டையாகிப்போன சோல் என்று காரணம் எளியதாகவே இருக்கிறது. விளைவோ எளியதன்று.

ஆகவே நாங்கள் வலியுறுத்த விரும்புவது இது: உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் செருப்பு என்பது ஆடை அணிகலன் வகையைச் சேர்ந்ததன்று, அது மருந்து. மருந்துக்கு அளவு பார்ப்பதுபோல் அதற்கும் அளவு பார்க்க வேண்டும். பொருந்தாத இடத்தைக் கண்டறிந்து திருத்த வேண்டும். காலம் கடந்தால் மாற்ற வேண்டும்.

நல்ல உணர்ச்சியுள்ள கால், பொருந்தாத காலணியைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். பனிச்சறுக்கு விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அணியும் காலணியின் வெளிக்கூடு வளையாத கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆனது. அதனுள் மெத்தை போன்ற ஓர் உள்ளுறை இருக்கும். கணுக்கால் எலும்போ கட்டைவிரல் மூட்டோ கூட்டில் இடித்தால், விளையாடுபவரால் சிறிது நேரம்கூடப் பொறுக்க முடியாது. உடனே கடைக்குத் திரும்பி வருவார். அங்கே அனுபவமுள்ள பொருத்துநர் முதலில் உள்ளுறையைக் கழற்றிவிட்டு, வெறுங்கூட்டுக்குள் காலை வைக்கச் சொல்லி, விரல்நுனி முன்பக்கம் தொடும்போது குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்ப்பார். பிறகு இடிக்கும் இடத்தைக் குறியிட்டு, அந்த ஓரிடத்தை மட்டும் சூடேற்றி விரிப்பார் அல்லது உட்புறம் சுரண்டிக் குழிவாக்குவார். வலிக்கிறது என்பதற்காக ஒரு சுற்றுப் பெரிய காலணியை அவர் கொடுத்துவிடுவதில்லை. பெரிய காலணிக்குள் கால் வழுக்கும். வழுக்குவதைத் தடுக்கக் கொக்கியை இறுக்க வேண்டிவரும். இறுக்கினால் வலி கூடும்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. பொருத்தக் குறையைத் தீர்ப்பது என்பது காலணி முழுவதையும் பெரிதாக்குவதன்று, குறையுள்ள இடத்தை மட்டும் திருத்துவது என்பது முதற்பாடம். அந்தத் திருத்தம் தொடங்குவதே, காலுக்குரியவர் வலிக்கிறது என்று சொல்வதால்தான் என்பது இரண்டாவது. பல ஆண்டு நீரிழிவால் நரம்பு பழுதான பாதம் அந்தச் சொல்லைச் சொல்லாது. கொப்புளம் எழுந்தாலும் ஆணி குத்தினாலும் அது மௌனமாகவே இருக்கும். செருப்பு கழன்று விழுந்ததைக்கூட அறியாமல் நடந்துபோகிறவர்கள் உண்டு. வலி செய்த வேலையை இனி கண்ணும் கையும் அளவுகோலும் செய்தாக வேண்டும்.

இந்த உண்மையை உலகுக்குத் தெளிவாக்கிய பணியின் பெரும்பகுதி நம் மாநிலத்தில்தான் நடந்தது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் பாதத்தில் வரும் புண்ணுக்குத் தசை தானாக அழுகுவதே காரணம் என்று அக்காலத்தில் பலர் எண்ணியிருந்தனர். அவரும் அவருடைய குழுவினரும் கூர்ந்து கவனித்துக் கண்டது வேறு: தசையில் குறையில்லை, உணர்ச்சி இழந்த பாதத்தின்மேல் அன்றாட அழுத்தம் செய்யும் சேதமே புண்ணாகிறது. அழுத்தம் மூன்று வழிகளில் கெடுக்கிறது. ஆணி, கண்ணாடித் துண்டு போன்றவை ஒரே கணத்தில் குத்திக் கிழிப்பது ஒன்று. இறுகிய காலணி, சிறு அழுத்தமாயினும் மணிக்கணக்கில் ஓரிடத்தை அமுக்கி இரத்த ஓட்டத்தைத் தடுப்பது இரண்டு. ஒவ்வோர் அடியிலும் பாதத்தின் அதே இடம் ஆயிரக்கணக்கான முறை மோதி உள்ளே அழற்சி உண்டாவது மூன்று. உணர்ச்சி உள்ளவர் நெடுந்தூரம் நடந்தால், தம்மை அறியாமலேயே நடையைச் சற்று மாற்றி அந்த இடத்துக்கு ஓய்வு தருவார். உணர்ச்சி இல்லாதவர் முதல் அடிபோலவே கடைசி அடியையும் வைப்பார்.

இந்த அறிவிலிருந்து 1950-களில் வேலூரிலும் அதற்கு அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் உருவாகி வளர்ந்ததுதான், இன்று எம்.சி.ஆர். செருப்பு என்று அறியப்படும் நுண்துளை ரப்பர்ச் செருப்பு. உள்ளே மென்மையான ரப்பர், கீழே முள்ளும் ஆணியும் ஊடுருவாத கெட்டி சோல், ஆணி அடிக்காமல் ஒட்டியும் தைத்தும் செய்த அமைப்பு, பின்வார் என்பவை அதன் இலக்கணம். தொழுநோய்க்கென்று பிறந்த அந்தச் செருப்பு இப்போது நீரிழிவுப் பாதத்தைக் காக்கிறது.

ஆயினும் எம்.சி.ஆர். என்று கேட்டு வாங்கிவிட்டாலே போதும் என்று எண்ணிவிட வேண்டாம். பொருந்தாத எம்.சி.ஆர். செருப்பும் புண்ணை உண்டாக்கும். நாங்கள் அடிக்கடி காணும் பிழைகள் இரண்டு. உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சரியான அளவுச் செருப்பு தளர்வாக இருப்பதுபோல் தோன்றும். இறுக்கிப் பிடித்தால்தான் காலில் ஏதோ இருப்பதே தெரியும். அதனால் சிறிய அளவைத் தேர்ந்தெடுப்பார்கள். மற்றொன்று, ஒருமுறை புண் வந்து அஞ்சியவர்கள் மிகப் பெரிய அளவை வாங்குவது. அதில் பாதம் முன்னும் பின்னும் நழுவி, குதிகாலும் விரல்நுனியும் உராய்ந்து கொப்புளிக்கும். கடையில் நின்று, போட்டுப் பார்த்து, வசதியாக இருக்கிறது என்று சொல்வதை உணர்ச்சி குறைந்த கால் விஷயத்தில் சான்றாகக் கொள்ளலாகாது.

அளவு பார்ப்பது கடினமன்று. பாதம் பொழுது சாயும்போது சற்று வீங்கும். ஆகவே மாலையில் அளக்க வேண்டும். உட்கார்ந்து அளக்கக் கூடாது. எடை இறங்கினால்தான் பாதம் விரியும். நோயாளி ஒரு தாளின்மேல் நிற்க, வீட்டில் உள்ள மற்றொருவர் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து இரு பாதங்களையும் சுற்றிக் கோடு வரையட்டும். அந்த வடிவத்தை வெட்டி எடுத்து, இப்போது அணியும் ஷூவுக்குள் வைத்துப் பாருங்கள். தாள் மடங்கினால், பாதமும் அங்கே மடங்கித்தான் கிடக்கிறது. காலணியின் உள்நீளம் பாதத்தைவிட 1 முதல் 2 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். அகலம், விரல்கள் தொடங்கும் இடத்திலுள்ள பாதத்தின் மிக அகன்ற பகுதிக்கு ஈடாக இருக்க வேண்டும். விரல்களுக்கு மேலேயும் இடம் வேண்டும். விரல் மடங்கியிருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். திறந்த செருப்பாயின், பாதத்தின் எந்த ஓரமும் சோலைத் தாண்டி வெளியே நீளக் கூடாது. இரு பாதங்களும் ஒரே அளவாக இல்லாவிட்டால், பெரிய பாதத்துக்கு ஏற்பவே தேர்ந்தெடுக்க வேண்டும்.

திருத்தம் செய்வது எங்கள் பொறுப்பும் காலணி செய்பவரின் பொறுப்பும் ஆகும். உங்களை மை தடவிய விரிப்பின்மேல் நடக்கச் செய்து அழுத்தம் மிகும் இடத்தைக் கண்டறிவோம். அங்கே தடித்த தோல் இருந்தால் முறைப்படி சீவி எடுப்போம். முன்பாதத்தில் அழுத்தம் மிகுந்தால், அந்த எலும்பு முனைக்குச் சற்றுப் பின்னால் ஒரு சிறு மேடு வைத்துச் சுமையைப் பங்கிடலாம். பாதத்தின் வடிவத்துக்கே வார்த்தெடுத்த உள்மெத்தை செய்யலாம். சோலை முன்புறம் வளைத்து, அடியெடுக்கும்போது முன்பாதம் அதிகம் மடங்காமல் உருளச் செய்யலாம். இவற்றை வீட்டிலேயே செய்ய முயல வேண்டாம். புண்ணுக்கு நேராகச் சோலில் ஓட்டை போடுவதும், புண்ணைச் சுற்றி வளையம் ஒட்டுவதும் ஓட்டையின் விளிம்பில் அழுத்தத்தைக் கூட்டும். கால் ஆணிக்கென விற்கும் மருந்துப் பட்டையில் உள்ள அமிலம், உணர்ச்சியற்ற தோலை அரித்துவிடும். இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்: புண் ஏற்கெனவே திறந்திருந்தால் எம்.சி.ஆர். செருப்பு மட்டும் போதாது. பாதத்தின் சுமையை முழுவதும் இறக்கும் கட்டோ சிறப்புக் காலணியோ தேவைப்படும்.

புதிய செருப்பை முதல் நாளே நாள் முழுவதும் அணியாதீர்கள். ஒரு மணி நேரம் அணிந்து, கழற்றிப் பாருங்கள். எங்காவது சிவந்து, அந்தச் சிவப்பு 20 நிமிடங்களுக்குப் பிறகும் மறையாவிட்டால், அந்தச் செருப்பை எங்களிடம் கொண்டுவாருங்கள். சிவப்பு இல்லாவிட்டால் நாள்தோறும் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டுங்கள். கருத்த தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. தொட்டால் சூடாகவோ தடிப்பாகவோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இங்கேதான் உடனிருந்து பராமரிப்பவர்களின் உதவி இன்றியமையாதது. நீரிழிவு கண்ணையும் பாதிக்கும். குனிந்து பார்க்க முடியாதவர்களும் உண்டு. ஆகவே அம்மாவின், அப்பாவின், கணவரின், மனைவியின் பாதத்தை இரவில் ஒருமுறை நீங்கள் பாருங்கள். புறங்கையால் இரு பாதங்களிலும் ஒரே இடத்தைத் தொட்டு ஒப்பிடுங்கள். வெப்பமானியால் அளக்கும்போது 2.2 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வேறுபாடு தொடர்ந்தால் அது எச்சரிக்கை. புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். எலும்புகளும் மூட்டுகளும் உள்ளே நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். அணியுமுன் ஒவ்வொரு முறையும் செருப்புக்குள்ளும் ஷூவுக்குள்ளும் கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

வீட்டுக்குள் செருப்பு அணிவது நம் வழக்கமன்று. அதை மதிக்கிறோம். ஆனால் உணர்ச்சி இழந்த பாதத்துக்கு வீட்டுத் தரையும் வெறுந்தரைதான். வெளியே நல்ல செருப்பும் வீட்டில் வெறுங்காலுமாக இருந்தால் பாதுகாப்பு பாதி நாளுக்கே கிடைக்கும். வீட்டுக்கென்று தனியே, கழுவித் துடைத்த ஒரு சோடி எம்.சி.ஆர். செருப்பு இருக்கட்டும், அதைத் தடுக்க வேண்டாம் என்று குடும்பத்தினரை வேண்டுகிறோம். கோயில் செல்வோர், கல்தளம் சூடேறுமுன் காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ செல்லலாம்.

அந்தச் செருப்பைப் போட்டால் எல்லாரும் பார்க்கிறார்களே என்று சிலர் தயங்குவதை அறிவோம். தொழுநோய் மருத்துவமனைகளிலும் இதே தயக்கம் இருந்தது. செருப்பே நோயை ஊருக்குச் சொல்லிவிடும் என்று அஞ்சினார்கள். இந்தத் தயக்கத்தை அலட்சியம் என்று ஒதுக்குவது மருத்துவர்களுக்கு அழகன்று. அணியப்படாத செருப்பு எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. ஆகவே தோற்றத்தையும் பொருத்தத்தின் ஒரு பகுதியாகவே நாங்கள் கருதுகிறோம். விருப்பமான நிறம், வார், வடிவம் ஆகியவற்றை வெளிப்படையாகக் கேளுங்கள். மென்மையும் கெட்டி சோலும் பின்வாரும் மாறாதவரை மற்றவற்றை மாற்றலாம்.

செலவைப் பற்றிய கவலையும் நியாயமானதே. ஆயினும் ஒருமுறை ஆறிய பாதப் புண், ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் மீண்டும் வருகிறது. ஒவ்வொரு முறையும் கட்டும் மருந்தும் வேலையிழப்பும் சேர்ந்து, நல்ல செருப்பின் விலையைப் பல மடங்கு தாண்டிவிடும். நீரிழிவோடு வாழ்வோர் இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள் என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. அப்படிப்பட்ட நாட்டில், மருந்துச் சீட்டில் இன்சுலினுக்கு இடம் இருப்பதுபோல் செருப்புக்கும் இடம் இருக்க வேண்டும். காலணி செய்யும் கைவினைஞர் மருத்துவக் குழுவில் ஒருவராக மதிக்கப்பட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அடுத்த முறை வரும்போது, பழைய மருந்துச் சீட்டோடு நீங்கள் அணியும் எல்லாக் காலணிகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்: வெளிச்செருப்பு, வீட்டுச்செருப்பு, திருமணத்துக்குப் போடும் ஷூ, வயலுக்குப் போடும் பழைய செருப்பு என எதையும் விட வேண்டாம். அவற்றின் உட்புறத்தைத் தடவிப் பார்த்து, தேய்ந்த இடத்தையும் இடிக்கும் இடத்தையும் உங்களோடு சேர்ந்தே குறித்துத் தருவோம். திருத்தக் கூடியதைத் திருத்துவோம். ஆகாததை மாற்றச் சொல்வோம்.