மணிலாவை விற்றுப் பாமாயில் வாங்கலாமா?

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் அமைந்துள்ள செங்கம் சாலையில் மேற்கே சென்றால், ஆடிப் பட்டத்தில் மானாவாரி மணிலா விதைக்கும் கிராமங்களைக் காணலாம். ஆசிரமத்தில் கோசாலையும் உண்டு. நெய்யும் எண்ணெயும் அருகருகே கிடைக்கும் இப்பகுதியிலும், இதயத்துக்கு எது நல்லது என்ற சர்ச்சை ஓய்ந்தபாடில்லை.

நெய், தேங்காய் எண்ணெய், பாமாயில் ஆகியவற்றில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். இது ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும். ஆகவே உணவின் சக்தியில் 10 சதவீதத்துக்கு மேல் இக்கொழுப்பிலிருந்து வரலாகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மறுப்போரும் உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1968 முதல் 1973 வரை நடந்த சோதனையில், மக்காச்சோள எண்ணெய் உண்டவர்களுக்குக் கொலஸ்ட்ரால் குறைந்தது, மரணம் குறையவில்லை. 2016இல் இவ்விவரம் முழுமையாக வெளிவந்தது. எனினும், பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வெளியான ஆய்வின்படி, நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு இதய, ரத்தக்குழாய்க் கோளாறுகள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்தன. இரு தரப்பினரும் ஒப்புக்கொள்வது ஒன்று: வனஸ்பதியில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு கெடுதியானது. 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் அதற்கு 2 சதவீத உச்சவரம்பு உள்ளது.

நம் பயிர், நம் எண்ணெய்

கடலை எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. பாமாயிலில் ஏறக்குறைய பாதி. தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம். ஆனால் நடப்பது என்ன? அறுவடையானதும் மல்லாட்டை முழுவதையும் விற்றுவிட்டு, ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் இறக்குமதிப் பாமாயிலில் சமைக்கும் குடும்பங்கள் பல. விலை மலிவு என்பது உண்மையே. விளைவித்தவன் வீட்டில் நல்ல எண்ணெய் இல்லை என்பதும் உண்மையே.

ஆளுக்கு நாளொன்றுக்கு 20 கிராம் வீதம், நான்கு பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 29 கிலோ எண்ணெய் போதும். 100 கிலோ காயை உடைத்தால் சுமார் 70 கிலோ பருப்பு கிடைக்கும். அதைச் செக்கில் ஆட்டினால் ஏறக்குறைய 28 கிலோ எண்ணெயும், 40 கிலோ புண்ணாக்கும் தேறும். புண்ணாக்கு கறவை மாட்டுக்கு ஆகும். அந்தப் பாலில் கிடைக்கும் நெய்யை, உடல் நலமுள்ளவர்கள் சோற்றில் ஒரு சிறு கரண்டி விட்டுக்கொள்வதில் தவறில்லை. இதய நோயாளிகள் மருத்துவர் சொற்படி நடக்க வேண்டும்.

எச்சரிக்கை

செக்கு எண்ணெய் என்பதாலேயே அது நல்லதாகிவிடாது. ஈரக் காயைக் குவித்து வைத்தால் பூசணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு உண்டாகும். சுத்திகரிக்காத எண்ணெயில் அது தங்கிவிடும், ஈரலைப் பாதிக்கும். புண்ணாக்கு வழியே பாலிலும் சேரும். எனவே காயை ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு வரும்வரை நன்கு உலர்த்த வேண்டும். குலுக்கினால் பருப்பு கலகலவென ஒலிக்க வேண்டும். பூசணம் பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய பருப்பைப் பொறுக்கி எறிந்த பிறகே ஆட்ட வேண்டும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது.

ரேஷன் கடைகளில் பாமாயிலுடன் கடலை எண்ணெயையும் வழங்க அரசு முன்வந்தால் மானாவாரி விவசாயிக்கு நல்ல விலை கிடைக்க வழி பிறக்கும். அதுவரை காத்திராமல், களத்திலிருந்து சந்தைக்கு வண்டி கட்டும் முன் வீட்டுக்கென 100 கிலோ காயை ஒதுக்கி வைப்பது அவரவர் கையில் உள்ளது.