பதிமூணுக்கு பதிமூணு, ஆனாலும் ஃபெயில்!

பதிமூணு பேப்பர் எழுதறீங்க. பதிமூணும் பாஸ். ரிசல்ட் பாக்கப் போனா லிஸ்ட்ல உங்க பேரு இல்ல. ஒரு அரியர் வச்சிருக்கற பக்கத்து பெஞ்ச் பையன் பேரு இருக்கு. ஏன் சார்னு கேட்டா, "உனக்கு கையில அடிபட்டிருக்கு. அடுத்த பரீட்சையை நீ நல்லா எழுத மாட்டேன்னு எங்களுக்குத் தோணுது"ங்கறாங்க. ஒத்துப்பீங்களா?

சிரிக்காதீங்க மக்களே. அமெரிக்காவுல ஃப்ளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டியோட ஃபுட்பால் டீமுக்கு 2023ல கிட்டத்தட்ட இதேதான் நடந்துச்சு. (இது நம்ம ஊர்ல காலால உதைக்கிற ஃபுட்பால் இல்லீங்க. பந்தைக் கையில தூக்கிட்டு முட்டிமோதி ஓடுவாங்களே, அது.)

முதல்ல கொஞ்சம் பின்கதை. அங்க மேல்மட்டத்துல மட்டும் நூத்தி முப்பதுக்கும் மேல காலேஜ் டீம் இருக்கு. ஒவ்வொண்ணும் ஆடறது ஒரு சீசனுக்கு பன்னெண்டு, பதிமூணு மேட்ச்தான். எல்லாரும் எல்லாரோடயும் மோத முடியாது. அதனால 2014ல இருந்து 2023 சீசன் வரைக்கும் 13 பேர் கொண்ட ஒரு கமிட்டி உக்காந்து நாலே நாலு டீமைத் தேர்ந்தெடுக்கும். அந்த நாலுக்குள்ளதான் சாம்பியன் பட்டத்துக்குப் போட்டி.

ஃப்ளோரிடா ஸ்டேட் அந்த வருஷம் முதல் மேட்ச்லயே எல்.எஸ்.யு.வை 45-24ன்னு சாத்துச்சு. க்ளெம்சனை அவங்க ஊர்லயே கூடுதல் நேரத்துல ஜெயிச்சுது. எல்லாம் நல்லாத்தான் போச்சு, நவம்பர் 18 வரைக்கும். அன்னிக்கு சொந்த மைதானத்துல நடந்த மேட்ச்ல ஜோர்டன் ட்ராவிஸுக்கு கால் உடைஞ்சுது. அவர் அந்த டீமோட குவார்ட்டர்பேக். பந்தை வாங்கி எறியற, ஆட்டத்தையே நடத்தற ஆளு. சீசன் அவருக்கு அன்னியோட முடிஞ்சுது.

டீமுக்கு முடியல. அடுத்த வாரம் ரெண்டாவது குவார்ட்டர்பேக்கை வச்சு ஃப்ளோரிடாவை 24-15ல ஜெயிச்சாங்க. அவருக்கும் அடிபட, டிசம்பர் 2ந் தேதி கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல மூணாவது ஆளா ஒரு முதல் வருஷப் பையன் இறங்கினான். தடுப்பாட்டக்காரங்க தோள் கொடுக்க, லூயிவில்லை 16-6ல ஜெயிச்சு சாம்பியன் ஆனாங்க. 13 மேட்ச், 13 வெற்றி.

மறுநாள் லிஸ்ட் வந்துச்சு. மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ், அலபாமா. ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு அஞ்சாவது இடம். டெக்சஸும் அலபாமாவும் ஆளுக்கு ஒரு மேட்ச் தோத்தவங்க. பெரிய கான்ஃபரன்ஸ் ஒண்ணுல தோல்வியே இல்லாம சாம்பியன் ஆன டீமை வெளிய நிறுத்தினது, இந்த நாலு டீம் முறை இருந்த பத்து வருஷத்துல அது ஒரு தடவைதான்.

கமிட்டி பக்கமும் நியாயம் இருக்கு, மறைக்க மாட்டேன். முதலிடத்துல இருந்த ஜார்ஜியாவை அலபாமா ஃபைனல்ல வீழ்த்துச்சு. அந்த அலபாமாவை செப்டம்பர்ல அவங்க ஊருக்கே போய் ஜெயிச்சது டெக்சஸ். அஞ்சு பேருக்கு நாலு நாற்காலி. முக்கியமான ஆட்டக்காரர் இல்லாததைக் கணக்குல எடுக்கலாம்னு கமிட்டியோட விதிமுறையே சொல்லுது.

இங்கதான் என் காமர்ஸ் மூளை முழிச்சுக்குது. ப்ளஸ் டூ கணக்குப்பதிவியல்ல 'வாரா ஐயக்கடன் ஒதுக்கு'ன்னு ஒண்ணு படிச்சோமே? கடன் வாங்கினவன் திருப்பித் தருவானான்னு சந்தேகம் இருந்தா, முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கி வைக்கறது. தப்பே இல்ல. ஆனா அதே ஆளு வந்து முழுப் பணத்தையும் கட்டிட்ட பிறகும் அவனை வாராக்கடன்னே எழுதி வச்சா, ஆடிட்டர் சும்மா விடுவாரா? ட்ராவிஸ் இல்லாம இவங்க ஜெயிப்பாங்களாங்கறது நியாயமான சந்தேகம்தான். ஆனா அந்த சந்தேகத்துக்கு ரெண்டு வாரமும் மைதானத்துலயே பதில் சொல்லிட்டாங்களே!

"அப்புறம் ஜார்ஜியாகிட்ட 63-3ன்னு உதை வாங்கினாங்களே?"ன்னு கேப்பீங்க. டிசம்பர் 30, ஆரஞ்ச் பௌல். உண்மைதான். ஆனா பட்டத்துக்கான கதவு சாத்தினதுக்கு அப்புறம் நடந்த மேட்ச் அது. இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரங்க அதுல ஆடவே இல்ல. அடுத்தது என்.எஃப்.எல்., இல்லன்னா வேற காலேஜ்னு அவங்கவங்க வழியைப் பாத்துக்கிட்டாங்க. அந்த ஸ்கோரை வச்சு பழைய முடிவை நியாயப்படுத்தறது, பரீட்சைக்கே விடாம அனுப்பிட்டு "பாத்தியா, நீ மார்க்கே வாங்கல"ன்னு சொல்ற மாதிரி.

எனக்கு மனசுல தைச்சது ட்ராவிஸ் அன்னிக்கு எழுதினதுதான். தன் கால் சீசனோட ஆரம்பத்துலயே உடைஞ்சிருக்கக் கூடாதான்னு வருத்தப்பட்டார். அப்படி நடந்திருந்தா, இந்த டீம் ஒரு குவார்ட்டர்பேக்கை மட்டும் நம்பி இல்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமாம். தன் கூட்டாளிங்களுக்காக ஒருத்தன் தன் கால் சீக்கிரமே உடைஞ்சிருக்கணும்னு ஆசைப்படற நிலைக்குக் கொண்டுபோற முறை, எப்படிங்க நல்ல முறையா இருக்க முடியும்?

2024 சீசன்ல இருந்து நாலு டீம் பன்னெண்டா ஆச்சு. நல்லதுதான். ஆனா அந்தப் பசங்களுக்கு அது உதவல. அதே ஃப்ளோரிடா ஸ்டேட் 2024ல ஜெயிச்சது ரெண்டு, தோத்தது பத்து. அந்த மாதிரி சீசன் திரும்ப எப்ப வருமோ!

நான் சொல்ல வர்றது இவ்ளோதான். எது பலமான டீம்ங்கறது அபிப்பிராயம். யார் ஜெயிச்சாங்கங்கறது கணக்கு. கணக்கு கண்ணு முன்னாடி இருக்கும்போது அபிப்பிராயத்துக்கு அங்க வேலை இல்ல.

நாமளும் ஃபைனல் இயர். கேம்பஸ் இன்டர்வியூ வருது. மூணு வருஷ மார்க் ஷீட்டைத் திறக்காமலே, மூஞ்சியைப் பாத்து "இவன் தேறமாட்டான்"னு ஒருத்தர் முடிவு பண்ணினா நமக்கு எப்படி இருக்கும்? யோசிச்சுப் பாத்துட்டு, அலபாமா பக்கம் பேசறவங்க பேசுங்க. சண்டைக்கு நான் ரெடி :-)