ஓய்வு யாருக்கு எழுதப்பட்ட மருந்து?

அச்சரப்பாக்கத்தைச் சுற்றியுள்ள சேரிகளில் இடுப்பு வலி இல்லாத வீடு அரிது. நாற்று நட்டுக் குனிந்த முதுகு, 40 கிலோ நெல் மூட்டை சுமந்த முதுகு. ஸ்கேனில் ‘டிஸ்க் விலகியிருக்கு’ என்றதும் ஆபரேஷன் பயமும் கடன் பயமும் சேர்ந்தே வருகின்றன.

மருத்துவம் சொல்வது வேறு. பிதுங்கிய டிஸ்க்கின் வலி பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் அறுவை இல்லாமலே தணிகிறது. வலி மாத்திரை, நடை, பிசியோதெரபி உதவும். படுத்தே கிடப்பது உதவாது. வலி தணியாவிட்டால், கால் பலவீனமானால் அறுவை பற்றிப் பேசலாம். சிறுநீர் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ அன்றே பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஆனால் எல்லாச் சிகிச்சைக்கும் முதல் நிபந்தனை, சில வாரம் பாரம் தூக்கக் கூடாது. தூக்காவிட்டால் உலை எப்படிக் கொதிக்கும்?

இதே ஜி.எஸ்.டி. சாலையில், மறைமலை நகர் தொழிற்சாலையில் இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்கு ஆண்டில் 91 நாள் வரை 70 விழுக்காடு ஊதியத்துடன் நோய் விடுப்பு உண்டு. போராடிப் பெற்ற உரிமை அது. வயல் கூலிக்கு ஒரு நாள்கூட இல்லை. நிலம் மறுக்கப்பட்டவர்களே தலைமுறைகளாக அந்த வயலில் குனிகிறார்கள். அதனால்தான் இது சாதிப் பிரச்சினை.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோதெரபியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. நல்லது. நோய்க்காலக் கூலியும் அதே வாசலுக்கு வர வேண்டும், தோழர்களே. அதைக் கேட்போம்.