மூலமும் உரையும்

எண்களைத் திரட்டி ஆராய்ந்து உண்மை காணும் தரவு அறிவியல், இக்காலத்தில் அறிவியல் மாணாக்கர்க்கு மட்டுமன்றிப் பொருளியல், வரலாறு, மொழியியல் பயில்வார்க்கும் வேண்டப்படுவதாயிற்று. அதற்குக் கருவியாய் நிற்கும் ‘ஆர்’, ‘பைத்தான்’ என்னும் நிரல்மொழிகளைப் பற்றிய செய்திகளும் பாடங்களும் நாள்தோறும் மலைபோற் குவிகின்றன. அவற்றைப் படிப்பாரும் பலர். ஆயினும் படிக்கும் முறையில் ஒரு குறை உளது. அதனை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் பயில்வோனுக்கு இத்துறையில் என்ன வேலை எனச் சிலர் வினவக்கூடும். மூலம் இது, உரை இது எனப் பிரித்தறியும் பயிற்சி தமிழ் மாணவர்க்கு நாள்தோறும் உண்டு. ஈண்டு வேண்டப்படுவதும் அப்பயிற்சியே.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1976-ஆம் ஆண்டு ஜான் சேம்பர்சும் அவர்தம் துணைவரும் புள்ளியியலுக்கென ‘எஸ்’ என்னும் மொழியை ஆக்கத் தொடங்கினர். அதன் வழியைப் பின்பற்றி, நியூசிலாந்து நாட்டு ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இருவர் 1990-களின் தொடக்கத்தில் ஆர் மொழியை இயற்றினர். 1995-இல் அதனை ஜி.என்.யு. பொது உரிமத்தின்கீழ் உலகுக்கு வழங்கினர். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் அளிக்கலாம். நெதர்லாந்து நாட்டவராகிய கைடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்ட பைத்தானும் திறந்த மூலமுடையதே.

இம்மொழிகளைப் போற்றுவோர் பெரும்பாலும் அவற்றின் விலையின்மையையே எடுத்தோதுவர். வறிய மாணவர்க்கு அது பெருநன்மை என்பதை மறுப்பாரில்லை. எனினும், அதனினும் பெரிய நன்மை ஆராய்ந்து பார்க்கும் உரிமையாம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்னும் எட்டு எண்களின் திட்ட விலக்கம் யாது என ஆர் மொழியிற் கேட்பின், 2.138 என விடை வரும். பைத்தானுக்குரிய ‘நம்பை’ என்னும் தொகுப்பில், வேறொன்றுங் குறியாது கேட்பின், 2 என வரும். இவற்றுள் எது பிழை? இரண்டும் பிழையல்ல. சராசரியினின்று ஒவ்வோர் எண்ணும் விலகிய அளவை வர்க்கமாக்கிக் கூட்டினால் 32 ஆகும். அதனை முன்னது ஏழால் வகுத்து வர்க்கமூலம் காண்கின்றது. பின்னது எட்டால் வகுத்துக் காண்கின்றது. கையிலுள்ள எண்களைப் பெரியதொரு தொகுதியின் மாதிரியாகக் கொள்வது முன்னது. அவற்றையே முழுத் தொகுதியாகக் கொள்வது பின்னது. பாடத்தைப் பார்த்துப் படியெடுப்பவன் இவ்வேறுபாட்டைக் காணான். இரு மொழிகளின் விளக்கக் குறிப்பையும் மூலத்தையும் திறந்து பார்ப்பவனோ, ஏழும் எட்டும் எங்கிருந்து வந்தன என ஐயமற அறிவான்.

இவ்வுரிமையின் பயன் எட்டு எண்களோடு நின்றுவிடுவதன்று. 2010-இல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகோஃப் என்னும் பொருளியற் பேராசிரியர் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வளர்ந்த நாடுகளில், அரசின் கடன் நாட்டு உற்பத்தியின் 90 விழுக்காட்டைக் கடந்த ஆண்டுகளில், பொருளாதாரம் சராசரியாக 0.1 விழுக்காடு தேய்ந்தது என அவர்கள் கணக்கிட்டனர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அரசின் செலவைக் குறைக்க முயன்ற அரசியலார் இதனை மேற்கோளாகக் காட்டினர். மாசசூசெட்சுப் பல்கலைக்கழகத்து மாணவராகிய தாமஸ் ஹெர்ண்டன், வகுப்புப் பயிற்சியாக அக்கணக்கை மீளச் செய்து பார்த்தார், விடை ஒவ்வவில்லை. அப்பேராசிரியர்களிடமே அட்டவணையைக் கேட்டுப் பெற்று நோக்கினார். எக்செல் சூத்திரம் ஒன்று, 20 நாடுகளுள் ஐந்தனைச் சராசரியிற் சேராது விட்டிருந்தமை புலப்பட்டது. இதனோடு வேறு சில குறைகளையும் நீக்கிக் கணக்கிட, 2.2 விழுக்காடு வளர்ச்சி என வந்ததாக அவரும் அவர்தம் ஆசிரியர் இருவரும் 2013-இல் எழுதினர். பேராசிரியர்கள் அட்டவணைப் பிழையை ஒப்புக்கொண்டனர். ஏனைய குற்றச்சாட்டுகளை மறுத்தனர். அவ்வழக்கு எவ்வாறாயினும் ஆகுக. அட்டவணை கைக்கு வாராதிருப்பின், மாணவர் ஒருவர் அப்பிழையைக் கண்டிருத்தல் கூடுமோ? பல நாட்டு மக்களின் வாழ்வைத் தொடும் கணக்கு, எவரும் திறந்து பார்க்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

நிற்க. பாடங்களை இகழ்தல் எம் கருத்தன்று. உரையின் துணையின்றி மூலத்துட் புகுதல் அரிது. நல்ல பாடம் நல்ல உரை போன்றது. ஆனால், உரை பழமையுற்றுப் போதலும் உண்டு. 2020 ஏப்ரலில் வெளிவந்த ஆர் மொழியின் 4.0.0 பதிப்பில், அட்டவணை அமைக்குங்கால் சொற்களடங்கிய நெடுவரிசையைத் தானாகவே வகைப்பிரிவுகளாக மாற்றிக்கொள்ளும் பழைய வழக்கம் கைவிடப்பட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட பாடமொன்றை இன்று அவ்வாறே செய்து பார்ப்பவன், பாடத்திற் கண்டதற்கு மாறான விளைவு கண்டு மயங்குதல் கூடும். நிரல்மொழிச் செய்திகளைப் படித்தலின் பயன் புதுமை கண்டு வியத்தலன்று. மூலம் எங்கே மாறியது, நம் கணக்கை அது தாக்குமா என அறிதலே.

தொடக்க நிலையில் உள்ளவன் மூலத்தை எங்ஙனம் படிப்பான் எனின், முழுவதையும் படிக்க வேண்டுவதில்லை. தான் கையாண்ட ஒரு கட்டளை என்ன செய்கின்றது என்பதை மட்டும் பார்த்தால் அமையும். நூல் முழுவதையும் ஒரு நாளிற் கற்றார் எவருமிலர். எவரும் திறவாத மூலமோ, பூட்டி வைத்த மூலத்தினும் மேலானதன்று.

ஆதலின், பாடம் எழுதுவோர் தாம் கையாண்ட பதிப்பையும் தரவையும் தவறாது குறித்தல் வேண்டும். படிப்போர் பாடந்தோறும் ஒரு விடையையேனும் தம் கையாற் கணக்கிட்டு ஒப்பிடுதல் வேண்டும். நம் கல்லூரியில் எண்களைக் கொண்டு எழுதப்படும் ஆய்வேடு ஒவ்வொன்றும், அதன் நிரலோடும், தனியாட்களின் பெயர் முதலிய அடையாளங்கள் நீக்கிய தரவோடும் நூலகத்தில் வைக்கப்படுதல் நன்று. பின்வரும் மாணவர் அதனைத் திறந்து பார்ப்பர். பிழை உளதாயின் காட்டுவர். இன்றேல் அதன்மேற் கட்டுவர். இதனைச் செய்யப் பொருட்செலவு மிகுதியும் வேண்டா; மனம் ஒன்றே வேண்டும். ஆசிரியரும் மாணவரும் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.